அரசின் நிலைப்பாட்டைச் சொன்னவள்

அஜின்கோர்ட்டில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விசா, பாஸ்போர்ட், பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு உதவுவதுதான் என் வேலை. காசாவில் போர் தொடங்கியபின் இன்னொன்றும் சேர்ந்தது. அரசு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வரும். இரண்டு நாடுகளும் அருகருகே அமைதியாக வாழ வேண்டும், பேச்சுவார்த்தைதான் வழி, பாலஸ்தீனத்தை அங்கீகரிப்பது உரிய நேரத்தில். எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

ஒரு பின்னேரம் எங்கள் ஃபார்மசியில் மருந்து தரும் பாலஸ்தீனப் பெண் அலுவலகத்துக்கு வந்தார். இங்கிலிஷ் தெரியாத என் அம்மாவுக்குக் கையாலேயே காட்டிப் பிரஷர் குளிசைகளை விளங்கப்படுத்துகிறவர். நான் இந்த அலுவலகத்தில் வேலை செய்வது அவருக்கு அதுவரை தெரியாது. தன் அக்கா கணவன் பிள்ளைகளோடு காசாவில் ஒரு கூடாரத்தில் இருப்பதாகச் சொன்னார். சமாதானத்துக்கு இந்த அரசு என்ன செய்கிறது என்று கேட்டார். நான் மனப்பாடத்தைச் சொன்னேன்.

"உரிய நேரம் என்றால் எப்போது?"

அது எனக்குத் தெரியாது என்றேன்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

இந்தக் கதிரையில் இருந்துகொண்டு சொந்தக் கருத்துச் சொல்லக்கூடாது என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வன்னியில் போர் முடிகிற மாதங்களில், மாணவியாக, போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுன் தெருவில் குளிருக்குள் நின்றவள் நான். சித்தி குடும்பம் உள்ளே அகப்பட்டிருந்தது. எங்களிடம் பேச வந்த இந்த நாட்டு அரசு அதிகாரி, இரு தரப்பும் நிதானமாக இருக்க வேண்டும் என்பதே நிலைப்பாடு என்றார். அவரை அன்று மனதாரத் திட்டினேன்.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ என்ன செய்யிறது? உது உன்ர வேலைதானே" என்றார். சரிதான். ஆனாலும் அதன்பிறகு அம்மாவின் மருந்தை எடுக்க அவரைத்தான் அனுப்பினேன்.

பாலஸ்தீனத்தை அங்கீகரிப்பதாக அரசு அறிவித்த மறுநாள் நானே ஃபார்மசிக்குப் போனேன். ஏதோ நான் வாங்கிக் கொடுத்ததுபோல ஒரு சந்தோஷம். செய்தி கேட்டீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தலையாட்டினார்.

"நல்லது. அக்கா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா."

கோடையில் இறந்துவிட்டாராம். அதைச் சொல்லிக்கொண்டே குளிசைகளைப் பையில் போட்டு, புதியதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அரசின் பதில் தெரிந்துதான் வந்தேன்" என்றார். "யாராவது ஒருவர் என்னோடு மனுசராகக் கதைப்பார் என்று நினைத்தேன்."

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இப்போதும் அதே வேலைதான். மருந்து எடுக்க நானே போகிறேன். போகும்போது அக்காவின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன். தகப்பனோடு அங்கேதான் இருக்கிறார்கள். சில கிழமை போன் கிடைக்கும், சில கிழமை கிடைக்காது.