சுனிதாவுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ்

சம்பளமில்லாத வேலையில் ஒரு வசதி, யாரும் நம்மை நீக்க முடியாது. ஒரு தொல்லை, நாமும் லேசில் விட முடியாது. சென்னைக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பங்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், கொஞ்சம் பேச்சுத் தமிழ் என்று இலவசமாக உதவும் குழுவில் இருக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஷரீஃப் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடை மாடிதான் எங்கள் இடம். அவரும் குழுவில் ஒருவர். இப்படி ஊர் வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு முழிப்பவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

வராத விருந்தாளிகள்

சுனிதா நேபாளத்திலிருந்து வந்தவள். கணவனுக்குக் கோட்டூர்புரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. அங்கேயே ஒரு சின்ன அறையில், ஆறு வயது மகள் அஸ்மிதாவோடு தற்காலிகமாக இருந்தார்கள். எங்கள் பேச்செல்லாம் என் அரைகுறை இந்தியில்தான். வருவது, போவது என்று முதல் பாடம் நடத்தி அனுப்பினேன். அடுத்த வாரம் முகம் வாடி வந்தாள். "அக்கா, பால்காரர், சிலிண்டர்காரர், பக்கத்து வீட்டம்மா எல்லாரும் வரேன்னு சொல்லிட்டுப் போறாங்க. டீ போட்டு வெச்சுக் காத்திருக்கேன். யாருமே வரலை. நாங்க புதுசுங்கறதாலயா?"

போறேன் என்று சொல்லக் கூடாது என்று ஆரம்பித்தேன். ஏன் என்றாள். அதற்குள் என் இந்தி தீர்ந்துவிட்டது. உதவிக்கு ஷரீஃப் பாயைப் பார்த்தேன். அவர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். "தொழுகைக்கு நேரமாச்சு, நான் வரேன்மா."

ஆத்துல மாடி

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் மாடியை வாடகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவையும் மகளையும் அழைத்துப்போனேன். "எங்காத்துல மாடி காலியாத்தான் இருக்கு, தாராளமா வரட்டும்" என்றார் மாமி. உடனே சுனிதா மகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, மாமிக்கு ஆத்துல என்றால் வீட்டில். முந்தின வாரம் அடையாறு பாலத்தில் நின்று, "ஆறு, ஆத்துல தண்ணி" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

ஓடிப்போய் நிறுத்தினேன். ஊரில் அவர்கள் வீட்டை ஆறு அடித்துக்கொண்டு போனதை அப்போதுதான் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் மாமி தானே படியிறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "எங்காத்துல கோடை வந்தா குழாய்லயே தண்ணி வராதும்மா. தைரியமா வா!"

இன்னா கீது?

குடிவந்த கையோடு பள்ளிக்கூடம். நடுவருஷத்தில், அதுவும் தமிழே தெரியாத குழந்தையைச் சேர்க்கத் தலைமையாசிரியை தயங்கினார். நான் பொறுப்பு, சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். சுனிதா மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, "உன் பேர் என்ன பாப்பா?" என்றார், சும்மா கேட்டு வைப்போம் என்பதுபோல.

"அஸ்மிதா. உன் பேரு இன்னா? அந்த டம்ளர்ல இன்னா கீது?"

சத்தியமாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அசல் மெட்ராஸ் பாஷை, கோட்டூர்புரத்தில் கூட விளையாடிய பிள்ளைகளின் கைவரிசை. தலைமையாசிரியை சிரித்து முடித்து, நாளைக்கே அனுப்பச் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பினார். "நேபாளம்னீங்களே, அது பட்டினப்பாக்கத்துக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்த ஊரைப் புரியவைப்பதுதான் என் வேலை. வரேன் என்று சொல்லிப் போகிற ஊரா, ஆத்துல குடியிருக்கிற ஊரா, இன்னா கீது ஊரா, இதில் எது இந்த ஊர் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.