தழைக்கல்லில் யானை

கூடலூருக்கு மேலே மலைப்பாதை குறுகும் இடத்தில் நிற்கிறோம். முன்னால் ஒரு கொம்பன் யானை வழியை அடைத்துக்கொண்டு தழை தின்கிறது. மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைக் கொப்பை ஒடித்து, பாதையோரச் சாமிக்கல்லுக்குப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அந்தக் குவியலைத்தான் யானை நிதானமாகக் காலி செய்கிறது.

உச்சியில் இடிந்து கிடக்கும் மங்கலதேவி கல்கோயிலைப் பார்க்கப் போன வருஷமும் வந்தேன். யானைக்குப் பயந்து இதே இடத்திலிருந்து என் ஊர் ராயப்பன்பட்டிக்கு நடையைக் கட்டினேன். இந்தத் தடவை பார்க்காமல் போவதாக இல்லை.

பெரியாற்றில் அணை கட்டும் ஆட்களுக்குப் பொதிமாட்டில் உப்பு கொண்டுபோகும் பேச்சியம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறார்.

“நீங்க தழை போடப்போய்த்தான ஆத்தா அது இங்கன வந்து நிக்குது?” என்று கேட்கிறேன்.

“போடலைன்னா உப்பு மூட்டையத்தான தேடி வரும். இப்பத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிரும்.”

வெயில் ஏறியதும் யானை மூங்கில் காட்டுக்குள் இறங்குகிறது. கல்லடியில் ஓர் இலைகூட மிச்சமில்லை. கைக்கு எட்டியதில் பெரிய கொப்பாக ஒடித்து அங்கே போடுகிறேன். பேச்சியம்மா என் கழுத்துச் சிலுவையைப் பார்க்கிறார்.

“சாமிக்கு இல்ல ஆத்தா, யானைக்கு. நான் இந்த வழியாத்தான இறங்கணும்.”

சோற்று மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சிப் பாதையில் கால் வைக்கிறேன். பின்னால் மாட்டைத் தட்டியபடி அவர் சொல்வது கேட்கிறது.

“எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் மொதக் கொப்பைப் போட்டாக.”