திட்டினால் பச்சை

யுவராணி இங்கிலாந்துக்கு விமானம் ஏறிய அன்றைக்கு, முதுகுளத்தூர் பக்கம் அவளுடைய ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. சாதாரண ஃபிளெக்ஸா அது! ஒரு பக்கம் யுவராணி, காதில் செல்போனோடு. மறுபக்கம், அவள் பயிற்சிக்குப் போகிற ஊரில் தேர்தலில் நிற்கும் ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மாள், இரு கையும் கூப்பிக் கும்பிட்டபடி. அந்த அம்மாள் ஆயுசில் யாரையும் கும்பிட்டதில்லை. ராமநாதபுரத்தில் பேனர் அடிக்கிற வினோத்குமார் வேறு யாருடைய கையையோ வெட்டி ஒட்டியிருந்தான். அந்தக் கையில் கண்ணாடி வளையல் வேறு. கீழே, 'இங்கிலாந்து அரசியலைக் கலக்கப் புறப்பட்ட எங்கள் சிங்கமே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஃபிளெக்ஸ் வைத்தவர் அவளுடைய அய்யா மருதுபாண்டி. குண்டு மிளகாய் விளைவிக்கிற சம்சாரி, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் வீட்டுக்கே வந்து, "வள்ளி பேரப் போடு, நாக்காலில நீ உக்காரு" என்று முடித்துவிட்டுப் போனார்கள். வள்ளி என்பது அவர் மனைவி சண்முகவள்ளி. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யுவராணிதான் குறுக்கே விழுந்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்திருந்தது, படிப்பதும் அரசியல் அறிவியல்.

"அய்யா, நானே நிக்கிறேன். நாக்காலிலயும் நானே உக்காருவேன்."

மருதுபாண்டிக்குக் கோபம் வந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவரோ வெல்லமாகச் சிரித்து, "பாக்கலாம்மா. மொதல்ல போயிட்டு வா, ஜெயிச்சுட்டு வா" என்றார். அன்று ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை.

காரணம் இருக்கிறது. வாசலுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லி அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, "ஒங்களுக்கு இல்லாம யாருக்குண்ணே" என்பார்கள். அந்த ஓட்டு போன ஓட்டு. "வாரும்யா! இம்புட்டு நாளா எங்கன போயிருந்தீரு? கம்மாய எவன் தூர்வாருவான், ஒம்ம மாமனாரா?" என்று தெருவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்குகிறார்களே, அதுதான் பெட்டிக்குள் விழுந்த ஓட்டு. வேண்டாதவனை எவன் மெனக்கெட்டுத் திட்டுவான்? அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போன சின்ன வயதிலேயே யுவராணிக்கு இது அத்துபடி.

இங்கிலாந்துப் பயிற்சி, கல்லூரிப் பேராசிரியை ஹமீதா பானு அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்தது. வடக்கு இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர். நகர மன்றத்தில் ஒரே ஓர் இடத்துக்கு இடைத்தேர்தல். ஹெலனின் கட்சிக்காகத் தெருத்தெருவாக வேலை பார்க்க வேண்டும். யுவராணி போய் இறங்கியதும் குளிர்காற்று அவளைத் தள்ளிக்கொண்டே கட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தேர்தல் வேலைகளைக் கவனிக்கிற கேலம் என்ற நெட்டைப் பையன் அவள் கையில் ஒரு செல்போனைக் கொடுத்தான்.

"வீட்டுக் கதவைத் தட்டு. பேசு. நம் ஓட்டு என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. தேர்தலன்று பச்சை வீடுகளுக்கு மட்டும் மறுபடி போய் ஓட்டுப்போடக் கூப்பிடுவோம். வேறொன்றுமில்லை."

அடடா, இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று யுவராணிக்குத் துள்ளலாக இருந்தது. ரோஜாச் செடி வைத்த முதல் வீட்டில் ஒரு வயதான அம்மாள் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். "ஹெலனுக்குத்தான் கண்ணு, எங்கள் வீட்டில் எல்லா ஓட்டும் அவளுக்குத்தான்." யுவராணி நன்றி சொல்லிவிட்டு, யாருகிட்ட காது குத்துறீக என்று மனசுக்குள் சிரித்தபடி சிவப்பைத் தொட்டாள். அந்தத் தெரு முழுக்க அதே தேன் பேச்சு. தெருவே சிவந்துபோனது.

துறைமுகத் தெருவில்தான் அவளுக்கு உயிர் வந்தது. முதல் கதவைத் திறந்த கிழவர் ஆர்தர், பழைய மீன்பிடிக்காரர். தன் நாயைவிடச் சத்தமாகக் குரைத்தார். "ஓட்டா? படித்துறை விளக்கு அணைந்து எத்தனை காலமாகிறது? இருட்டில் நான் விழுந்து முட்டி பெயர்ந்ததே, எவனாவது எட்டிப் பார்த்தானா? போ வெளியே!" அடுத்த வீட்டில் குப்பை எடுக்கவில்லை என்று ஏச்சு. அதற்கடுத்த வீட்டில் ஏச்சுக்குக் காரணமே சொல்லவில்லை. யுவராணிக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி கண் கலங்கியது. பச்சை, பச்சை, பச்சை!

அன்றைக்கே போன் போட்டாள். "அய்யா, தொறமுகத் தெரு மொத்தமும் நமக்குத்தான்! என்னா திட்டு திட்டுறாங்கங்கிறீக!"

"அப்பிடின்னா அள்ளிரும்த்தா!" என்றார் மருதுபாண்டி. விலக்கு டீக்கடையில் அன்றைக்கு இங்கிலாந்துதான் பேச்சு.

தேர்தலன்று காலையில் கேலம் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். காலங்காலமாக அவர்கள் கட்சியின் கோட்டையாக இருந்த ரோஜாத் தெரு ரத்தச் சிவப்பு. அவர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழாத துறைமுகத் தெரு நெல் நாற்றங்கால் போலப் பச்சைப் பசேல். "இது எப்படி?" என்றான். யுவராணி பெருமையோடு விளக்கினாள். விளக்க விளக்க அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. இங்கே சிரித்தால் சிரிப்புதான், திட்டினால் திட்டுதான். யாத்தே!

கேலம் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சிரிக்கத் தொடங்கியவனை நிறுத்த முடியவில்லை. ஹெலன்தான் சட்டென்று எழுந்தாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், இப்படி எத்தனை குளறுபடி பார்த்திருப்பாள்! "எல்லாரும் ரோஜாத் தெருவுக்கு ஓடுங்கள். யுவராணி, துறைமுகத் தெருவைப் பச்சையாக்கியது நீ. அங்கே நீயே போ."

போனாள். பாதி வீடுகளில் கதவு முகத்தில் அறைந்தது. ஆர்தர் திறந்தார். "உன்னை அன்றைக்கே விரட்டினேனே?"

"விரட்டுனீங்க. படித்துறை விளக்கு எரியலைன்னு. முட்டி இப்ப எப்படி இருக்கு?"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "திட்டு வாங்கியவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டினார். நாயும் கூடவே கிளம்பியது. போகிற வழியில் அவரே நாலு கதவைத் தட்டி, உள்ளே இருந்தவர்களையும் திட்டி இழுத்துவந்தார்.

ஹெலன் தோற்றாள். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஓட்டு வித்தியாசம். துறைமுகத் தெருப் பெட்டியில் கட்சிக்கு இதுவரை வராத ஓட்டெல்லாம் வந்திருந்தது. ரோஜாத் தெருவில்தான் எல்லா வீட்டையும் தட்ட நேரம் போதவில்லை. ஹெலன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள். தோற்றவர்கள் ஆடுகிற ஆட்டமா அது! யுவராணியும் கூடவே ஆடினாள். ஆடி முடித்தபிறகுதான் 'ஜெயிச்சுட்டு வா' ஞாபகம் வந்தது.

ஊர் விலக்கில் இறங்கினால் ஃபிளெக்ஸ் அப்படியே இருந்தது, வெயிலில் ஹெலன் மட்டும் வெளுத்திருந்தாள். டீக்கடையில் எல்லாரும் எழுந்து, "வாத்தா, நல்லாருக்கியா? தோத்தா என்ன இப்ப!" என்று வெல்லமாகப் பேசினார்கள். சிவப்பு என்று அவள் மனசு குத்திக்கொண்டது. வீட்டில் அய்யா, "வாம்மா, களச்சுப் போயி வந்திருப்ப, சாப்புடு" என்றார். அது எல்லாவற்றையும்விடச் சிவப்பு. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலையில் களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

"அய்யா, நான் வார்டுக்கு நிக்கட்டுமா?"

"பாக்கலாம்மா" என்றார், நிமிராமலே.

அழுகை முட்டியது. அழுதால் அசிங்கம் என்று தோற்ற கதையை எடுத்துவிட்டாள். பச்சை, சிவப்பு, ரோஜாத் தெரு, ஆர்தர், நாய், ஒன்று விடாமல். பாதிக் கதையில் மிளகாய் கிளறுகிற பலகை நின்றது. முழுக் கதையில் கீழே விழுந்தது.

"அறிவுகெட்ட கழுத! சொந்தத் தெருவ விட்டுப்பிட்டு எவளாச்சும் அடுத்த தெருவுக்குப் போவாளா?"

"நீங்கதான அய்யா அள்ளிரும்னீக?"

"நாஞ் சொன்னா? ஒன் புத்தி எங்கன போச்சு? தெரியாத ஊருல நம்ம ஊருக் கணக்கப் போடுவியா? தோத்தது அந்தம்மா இல்ல, நீ! நாளைக்கு இங்கனயும் இதே கூத்தக் கட்டுனா டெபாசிட் போயிரும், பாத்துக்க! மொத நாளு நம்ம தெரு. ஒரு வீடு விடக்கூடாது. அப்புறந்தான் கெழக்குத் தெரு. அந்த நாக்காலில உக்காரப் போறவ பேசுற பேச்சா இது? நாமினேசனுக்கு ஆதாரு எடுத்து வச்சியா? எங்க வச்ச! விடிஞ்சு இம்புட்டு நேரமாச்சு, இன்னும் பல்லக்கூட வெளக்கலயே மூதேவி!"

யுவராணிக்கு வாயெல்லாம் பல். சத்தம் கேட்டு சண்முகவள்ளி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "வந்ததும் வராததுமா எதுக்குப் புள்ளயப் போட்டு இந்த ஏச்சு ஏசுறீக?"

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் யுவராணி. "அய்யா இன்னுங் கொஞ்சம் திட்டட்டும்."