கொழுந்து மடுவத்தில் ஐம்பது நிமிடம்

பதுளையிலேயே பிறந்து, பதுளையிலேயே தலை நரைத்தவனுக்கு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு யோசனை சொல்லும் தகுதி தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தேயிலை மலையைத் தினமும் துணிக்கடை வாசலிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த மலையைப் பற்றி எல்லாம் தெரியும் என்றும் நம்பினேன். இரண்டையும் நம்பியது ஒரே முட்டாள்தான். இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அவனேதான்.

என் மனைவியின் அண்ணன் திருச்சியில் இருக்கிறார். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார். ஒரே தங்கையை ஃபோனில் அழைத்தால் அது அழைப்பே இல்லை, நேரில் போய்த் தாம்பாளம் வைத்துக் கூட்டி வருவேன் என்று மனைவியோடு விமானம் ஏறிவிட்டார். இலங்கைக்கு முதல் தடவை. நாலு நாள் எங்களோடு இருப்பது, ஐந்தாம் நாள் காலை ரயிலில் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு கொழும்பு போவது, மறுநாள் விடிகாலை விமானம், அன்று சாயந்தரமே நிச்சயதார்த்தம். இழுத்துக் கட்டிய ஏற்பாடு. எங்கே ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் பெண்ணின் தகப்பன் இல்லாமல் தட்டு மாற்றவேண்டியதுதான்.

அவர் புறப்படுமுன் வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கம் அறிவுரை அனுப்பினேன். விமான நிலையத்திலேயே சிம் வாங்குங்கள். பணத்தை அங்கே கொஞ்சமாக மாற்றுங்கள், மீதியை ஊரில் பார்க்கலாம். விகாரைக்குள் செருப்பும் தொப்பியும் ஆகாது, புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். போயா என்கிற பௌர்ணமி தினத்தில் இறைச்சிக் கடை மூடியிருக்கும், பாட்டில் விற்கிற மற்றக் கடையும்தான். இங்கே ‘கோச்சி’ என்றால் ரயில், கேரளாவுக்கா என்று பயந்துவிடாதீர்கள். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், சவர்க்காரத்தை, அதாவது சோப்பைத் தடவுங்கள். கடைசியில் தடித்த எழுத்தில்: தேயிலை மலையில் குளவி கிளம்பினால் ஓடக் கூடாது, இருந்த இடத்திலேயே குனிந்து தலையை மூடிக்கொள்ளவேண்டும்.

இதில் எதையும் நான் செய்து பார்த்ததில்லை. விமான நிலையத்துக்கு ஒருதரம் யாரையோ வழியனுப்பப் போனேன், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் மச்சான் அந்த இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். மனிதருக்கு என்மேல் அவ்வளவு மதிப்பு. அன்று வரை.

ஐந்தாம் நாள் காலை அவருடைய மனைவிக்கு ஓர் ஆசை வந்தது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டுத் தேயிலைக் காட்டுல நின்னு ஒரு போட்டோ இல்லைன்னா ஊருல நம்பமாட்டாங்க” என்றார். ரயிலுக்கு இரண்டேகால் மணி நேரம் இருந்தது. என் மனைவி பெட்டிகளோடு நேரே ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை கம்மிதான்.

பசறை ரோட்டில் அரை மணி நேரம் ஆட்டோவில் போனோம். எனக்குத் தெரிந்த கங்காணியிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். மலையில் இருபது பெண்கள் வரிசை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகில் இறங்கி, தலைக்கு மேலே எல்லாம் சாம்பல். எங்கள் கடையில் தீபாவளிக்குச் சேலை எடுக்கும் அம்மா ஒருவர், என் வயதிருக்கும், அக்காவின் தலையில் கொழுந்துக் கூடையின் கயிற்றை மாட்டிவிட்டார். நான் படம் எடுத்துக்கொண்டே குளவியைப் பற்றி விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தலைக்கு மேலே ‘ங்ங்ங்’ என்று கேட்டது.

“குளவி” என்று கத்திவிட்டேன்.

கண் மூடித் திறப்பதற்குள் மலையில் ஆளே இல்லை. இருபது பேரும் செடிக்கு அடியில் குந்தி, இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். ஒரு சத்தம் இல்லை, ஓர் அலறல் இல்லை. ஓடியது ஒரே ஒருவன். ஓடக் கூடாது என்று தடித்த எழுத்தில் எழுதியவன். அவனை நம்பி அவன் பின்னாலேயே திருச்சிக்காரர்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். இவர்களைத் தடுக்கப் போய் அந்தச் சேலை அம்மாவும் வந்து மாட்டிக்கொண்டார். நாலு பேரும் கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகைக்குள், மடுவத்துக்குள், புகுந்தோம். தகரக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது நான்தான்.

உள்ளே ஒரு தராசு, நாலு உர மூட்டை, இரண்டு ஆள் நிற்க இடம். உர நெடி மூக்கைப் பிடுங்கியது. ஒரு காலிச் சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

“மாப்ளே, நீங்க இப்பப் பார்க்க உரம் மாதிரியே இருக்கீங்க” என்றார் மச்சான். அது முதல் பத்து நிமிடம். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

சத்தம் போகவில்லை. கூரைக்கு மேலேயே வந்து நின்றது, விலகியது, மறுபடி வந்தது. இடையில் ஒருதரம் சுத்தமாக நின்றுபோனது. எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். திரும்பவும் ‘ங்ங்ங்’. கையை எடுத்தேன். வியர்வை சாக்கோடு சேர்ந்து கழுத்தில் அரித்தது. தகர இடுக்கு வழியாகப் பார்த்த அந்த அம்மா, “எல்லாரும் பைய்ய ஊர்ந்து கீழ் ரோட்டுக்கு எறங்கிட்டாங்க. நம்மதான் பாக்கி” என்றார்.

ஃபோன் அடித்தது. என் மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“மடுவத்துல.”

“அங்க என்ன வேலை?”

“வெளியில குளவி.”

“குளவியா?” என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, “எங்கண்ணன் என் புள்ளை கல்யாணத்துக்கு வரலைன்னா நான் மன்னிச்சிருவேன். அவரு மக நிச்சயத்துக்கு அவரே போகலைன்னா, குளவி கொட்டினதோட நீங்க தப்பிச்சீங்கன்னு நெனச்சுக்காதீங்க” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மச்சான் சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சட்டையைக் கழற்றித் தலையில் சுற்றிக்கொண்டு, “கொட்டினாக் கொட்டட்டும், நான் ஓடிர்றேன். பொண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு” என்றார்.

அந்த அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றார். “ஐயா, ஒக்காருங்க. போன மாரியில என் நிரையில நின்னவ ஒருத்தி பயத்துல எந்திரிச்சு ஓடினா. அவளுக்கும் பொண்ணு இருந்துச்சு. ஒக்காருங்க.”

மச்சான் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்:

“மொதலாளி, நீங்க கண்ணால கண்டீங்கதானே?”

“கண்டேன்” என்றேன்.

நான் எதையும் காணவில்லை. சாம்பல் முகிலைக் கண்டேன். கடையில் சாயம் போகாது என்று சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார். “இந்தப் பக்கம் குளவிங்கிற சொல்லை யாரும் சும்மா சொல்றதில்லை. அதான் கேட்டேன்” என்றார்.

குளவி, பூட்டிய கதவு, ரயில், மனைவி எல்லாவற்றையும்விட ‘கண்டேன்’ என்ற அந்த ஒரு வார்த்தைக்குள்தான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வாழ்நாள் முழுக்கக் குடும்பத்தில் நான்தான் கதை. சொல்லாவிட்டால் இவர் மச்சானை வெளியே விடமாட்டார். இதை எடைபோட எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. மச்சான் இடையில் கண்ணைத் துடைத்தார். உர நெடி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

சாக்கைத் தலையிலிருந்து எடுத்தேன். “அம்மா, நான் காணலை. சத்தம்தான் கேட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. காதைத் தகரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “அப்பயே நெனச்சேன். ஒரே சுதியில பாடுது. குளவி ஏறி எறங்கும்” என்றார். படங்கைப் போர்த்திக்கொண்டு, எங்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைத் தன் உடம்பு நுழையுமளவு மட்டும் திறந்து தனியாக வெளியே போனார். நான் பின்னால் போயிருக்கவேண்டும். போகவில்லை. அவர் நாலு அடி நடந்து, நிமிர்ந்து, வெகுநேரம் மேலே பார்த்தார். பிறகு படங்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வாங்க மொதலாளி. ஒங்க குளவிக்கு லைட் எரியுது.”

மேல் ரோட்டு வளைவில் ஒரு வெளிநாட்டுச் சோடி நின்று, பறக்கும் கமரா ஒன்றை விட்டு, முகிலுக்குள் அழகாகத் தெரிந்த அந்தத் தகர மடுவத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்தபோது இறக்கி, வேறு போட்டு மறுபடி விட்டிருக்கிறார்கள். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. மச்சானும் அக்காவும் என் மனைவியும் பகல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்கள், பாதி வழி நின்றுகொண்டே. விமானத்தைப் பிடித்தார்கள். மறுநாள் சாயந்தரம் தட்டு மாற்றும்போது பெண்ணின் தகப்பன் அங்கே இருந்தார்.