மகளின் தேர்வறைக்குள் நான் போன கதை

நான் அந்த இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்தவள். எங்கள் ராயபுரத்துத் தெருவில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரியாமல் இருக்க நான் விட்டதில்லை. படித்துவிட்டுக் கச்சேரி ஒன்றும் பண்ணவில்லை. கல்யாணமாகி, துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடல் குழுவோடு என் சங்கீதம் நின்றுவிட்டது. ஆனாலும் "நம்ம காலேஜ்" என்று சொன்னால் எனக்கு வாய் நிறைந்துவிடும்.

என் மகள் பிளஸ் டூ முடித்து, அதே கல்லூரியில் மிருதங்கத்துக்கு விண்ணப்பித்தாள். பரீட்சை மார்க்கை வைத்துச் சேர்க்க மாட்டார்கள். வாசித்துக் காட்ட வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டு முடிவு சொல்வார்கள். அந்த மூவரில் ஒருத்தி என் வகுப்புத் தோழி என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டு பாதி கைக்கு வந்த மாதிரிதான் என்று வீட்டில் சொன்னேன்.

மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "யம்மா, நீ ஒண்ணியும் பேசாத. சீட்டு கெடச்சா அவங்கம்மா வாங்கிக் குடுத்ததுன்னு ஊரே பேசும். நாலு வருசமா கையி வீங்கிகினு வாசிச்சது இன்னாத்துக்கு?"

நியாயம்தான். அவள் வாசிப்பதைத் தினமும் கேட்பவள் நான். எங்கள் வீட்டுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். அதற்கு நடுவிலும் தாளம் பிசகாது அவளுக்கு. கூட வந்து வெளியே உட்காருகிறேன், அவ்வளவுதான் என்று சத்தியம் பண்ணினேன்.

பண்ணிவிட்டு, தேர்வு நாள் விடிந்ததும் காசிமேட்டுக்குப் போய் நல்ல வஞ்சிர மீனாக ஒன்று வாங்கி, ஐஸ் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்துத் தோழியைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டா போவது? எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் கிடையாது. அதிலும் அவள் சைவ வீட்டுப் பெண். படிக்கிற காலத்தில் என் டிபன் பாக்ஸில் சுறாப்புட்டு இருக்கிறதா என்று தினம் திறந்து பார்த்து, இருந்தால் எடுத்துத் தின்றவள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். ஏ.சி. பெட்டியில் என்னைச் சுற்றி இடம் காலியாகவே இருந்தது. மகள் என்னைத் தெரியாதவள் போல, மிருதங்கப் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த கதவருகே நின்றாள்.

கல்லூரியில் மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. உள்ளே நடு நாற்காலியில் என் தோழி, கண்ணாடி போட்டு, கொஞ்சம் பூசினாற்போல் உட்கார்ந்திருந்தாள். பண்ணின சத்தியமெல்லாம் எங்கே போனதோ! மகளுக்குப் பின்னாலேயே பையோடு நுழைந்து, "ஏய் எரும, எப்டி கீற?" என்றேன்.

அவள் எழுந்தே விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அதே சிரிப்போடு பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் சொன்னாள்: "இவ என்கூடப் படிச்சவ. இவ பொண்ணுக்கு நான் மார்க் போட்டா சரியா இருக்காது. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க." பேனாவை மூடி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள். கதவு மூடும்போது மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே எரிந்து போயிருப்பேன்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் நான் பண்ணின காரியம் முழுசாகப் புரிந்தது. தேர்வில் ஒருவர் பாட, அதற்குப் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். பாட வேண்டியவள் என் தோழி. நிதானமாக, பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துப் பாடுவாள். இப்போது உள்ளே இருக்கும் இருவரில் பெரியவர் பாடுவார். அவர் தாளம் தொடங்கும் இடத்தில் பாட்டை எடுக்காமல், வேண்டுமென்றே தள்ளி எடுத்து, பிள்ளைகள் தடுமாறுகிறார்களா என்று பார்ப்பாராம்.

"உன்னாலதான்டி அவர்கிட்ட மாட்டிக்கிட்டா. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று தோழி என் தொடையில் ஓங்கி அடித்தாள். மீனை வாங்கினால் தன் வேலை போய்விடும் என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உதவி பண்ண வந்து, உள்ளே இருந்த ஒரே வேண்டியவளையும் வெளியே இழுத்து வந்துவிட்டேனே.

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. தள்ளித்தான் எடுத்தார். மிருதங்கம் வரவில்லை. ஒரு சுற்றுத் தாளம் போய்விட்டது. நாங்கள் இருவரும் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது சுற்றில் அவர் எடுத்த அதே இடத்தில், அவரோடு சேர்ந்து, என் மகளின் கை விழுந்தது. தோழி என் தோளைக் கிள்ளியேவிட்டாள். அவர் வேகத்தைக் கூட்டினார், இவள் விடவில்லை. கடைசியில் முத்தாய்ப்பாக வரும் தீர்மானத்தை மூன்று முறை வாசித்து, பாட்டு எடுத்த இடத்தில் கச்சிதமாகக் கொண்டுபோய் முடித்தாள். "பேஷ்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பெஞ்சில் நாங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தோம்.

ஒரு வாரத்தில் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா கேட்டுவிட்டாள்: "அம்மா படிச்ச காலேஜாச்சே, குடுக்காமயா பூடுவாங்க?"

மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, எங்கம்மா வந்ததுல மார்க் போடற டீச்சரே எந்திரிச்சு போய்ட்டாங்க. எங்கம்மா வந்தும் நான் சீட்டு வாங்கிகினு வந்துகீறேன்!"

இதையே தெருமுனை வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொன்னாள். நானும் பின்னாலேயே போனேன், யார் காதிலாவது சரியாக விழாமல் போனால் இன்னொரு தடவை சொல்வதற்கு.