மழைக்காலத்திலும் பிரிக்காத குளம்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "குளத்தை எப்போ பிரிக்கப் போறீங்க?"

குளம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில், வேப்ப மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில், இரும்புக் குழாய்களை வட்டமாக மாட்டி, நீல பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டுத் தண்ணீர் நிரப்பிய தொட்டி. குறுக்கே பன்னிரண்டு அடி, உயரம் மூன்றரை அடி. ஏறி இறங்க ஒரு சின்ன ஏணி. கோடை விடுமுறையில் பிள்ளைகள் கும்மாளம் போடுவதற்கு ஆன்லைனில் விற்கிறார்களே, அதேதான். எங்கள் வீட்டில் கும்மாளம் போட்டது ஐம்பத்தாறு வயதான நான்.

காரணம் என் முழங்கால்கள். இருபத்தெட்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்த கால்கள். போன மழைக்காலத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. மூன்று மாதம் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகக்கூட என் கணவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்து, அடி அடியாக நடத்திப் போனார். நான் ஒன்றும் பூப்போல இருக்கிறவள் இல்லை. அவரோ நிலக்கரி மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் முப்பது வருடமாக ஷிப்ட் பார்க்கிறவர். "பம்பு செட்டுக்கு நீ தேவலாம்" என்று சிரித்துக்கொண்டே தூக்குவார். நான் வெட்கத்தில் செத்துப் பிழைப்பேன்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டுமானால் தொடைத் தசை பலப்பட வேண்டும், அதற்குத் தினமும் இடுப்பளவுத் தண்ணீரில் நடங்கள் என்றார் டாக்டர். நடுவில் இரண்டு மூன்று மாதம் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் என்றும் சொன்னார். சித்திரையில் தொட்டி வந்தது. தரையில் பத்தடி நடந்தால் பல்லைக் கடிக்கிற நான், தண்ணீரில் அரை மணி நேரம் நடந்தேன். முதல் நாள் அழுதேவிட்டேன். ஆவணிக்குள் சமையலறை வரை கம்பு இல்லாமல் போய்வந்தேன். அப்படிப்பட்ட குளத்தை மழை வருகிறது என்பதற்காக மடித்துப் பரண்மேல் போடவா? மறுபடி என்னை யாராவது பாத்ரூமுக்குத் தூக்கிப் போகவா? முடியவே முடியாது என்றேன்.

சொல்வது சுலபம். மழைக்காலத்தில் குளம் வைத்திருப்பதும் கைக்குழந்தை வளர்ப்பதும் ஒன்று. வேப்பிலை உதிர்ந்து நாள் முழுக்க மிதக்கும். வலைக்கரண்டியால் அள்ளி நிமிர்வதற்குள் மரம் இன்னொரு பிடி உதிர்த்திருக்கும். இரண்டு நாள் குளோரின் போட மறந்தால் தண்ணீர் புளிச்சக்கீரை மசியல் நிறத்துக்கு வந்துவிடும். மேலே தார்ப்பாய் கட்டினால் அதன்மேல் மழை தேங்கி அங்கே ஒரு தனிக் குளம் உருவாகும். அதில் தவளை குடியேறும். காலை ஆறரைக்குத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். இரண்டு வாளி வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். பத்தாயிரம் லிட்டரில் இரண்டு வாளி! கணக்கு டீச்சர் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூசியது.

கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வரும் அம்மா ஒருநாள் பின்பக்கம் வந்து அப்படியே நின்றுவிட்டார். தேங்காய்ச் சிரட்டையில் கால் டம்ளர் தண்ணீர் நின்றாலே கவிழ்த்துப் போடுகிறவர் அவர்.

"இன்னாங்க இது?"

"குளம்."

"மீன் எதுனா வுட்டிருக்கீங்களா?"

"நான்தான் நீந்தறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டார்ச் அடித்து, கரண்டியில் தண்ணீர் மொண்டு, ஒரு புழுகூட இல்லை என்று கண்ட பிறகும் திருப்தி இல்லாமல் கையில் வைத்திருந்த மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றப் போனார். நான் குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்து எங்கள் வீட்டை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரிக்குச் சொந்த ஊர் குள்ளஞ்சாவடி பக்கம். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாக்கா, வானமே ஊத்திக்கினு இருக்குது, நீ தண்ணிக்குள்ள வேற நிக்கிறியே" என்பாள். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவில் தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு நான். யார் பார்த்தால் என்ன? நடந்துகொண்டிருந்தேன், அது போதும்.

என் கணவர் இதில் எல்லாம் உதவியாகத்தான் இருந்தார். குழாய்த் துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்தார், வடிகட்டும் மோட்டாரைக் கழற்றித் துடைத்தார். தண்ணீருக்குள் மட்டும் இறங்கவே மாட்டார். "மைன்ஸ்ல பாக்காத தண்ணியா?" என்று வெளியே நின்றுகொள்வார். உண்மைதான். இங்கே நிலக்கரிக்குக் கீழே ஊற்று முட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி பகல் இறைத்துத் தள்ளாவிட்டால் மைன்ஸே மிதக்கும். முப்பது வருடமாக அவர் வேலையே தண்ணீரை வெளியே அனுப்புவதுதான்.

கார்த்திகையில் ஒருநாள், சாயங்காலம் பலத்த காற்றும் மழையும் வரும் என்று எச்சரிக்கை வந்தது. அன்று அவருக்கு வீக்லி ஆஃப். நான் ஆஸ்பத்திரியில் முழங்காலைக் காட்டிவிட்டு, தசை நன்றாகத் தேறியிருக்கிறது என்ற நல்ல வார்த்தையோடு மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினேன். பின்பக்கம் போனால், தொட்டியில் தண்ணீர் இல்லை. விரிப்பு சுருங்கித் தரையோடு கிடந்தது. பக்கத்தில் இரவல் பம்போடு என் கணவர், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் முகத்தோடு.

"ஒன்றரை மணி நேரத்துல காலி. ஒரு சொட்டு கிடையாது" என்றார்.

"ஏன்?"

"என்ன ஏன்? மழைன்னு சொன்னா மொதல் வேலை பம்பு போடறதுதானே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தண்ணீரின் கனம்தான் அந்தத் தொட்டிக்கு அஸ்திவாரம். பத்து டன் உட்கார்ந்திருக்கும்வரை எந்தக் காற்றும் அதை அசைக்காது. காலியாக இருந்தால் அது வெறும் குடை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள், நிரூபித்துக் காட்டுவதுபோல முதல் காற்று வந்தது. விரிப்பு உப்பியது. தொட்டியின் கிழக்குப் பக்கக் குழாய்க் கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

"உள்ள ஏறுங்க" என்றேன்.

"எங்க?"

"தொட்டிக்குள்ளதான். போய் அந்த ஓரத்துல உக்காருங்க."

அவர் ஏறினார். பின்னாலேயே நானும் ஏணியில் ஏறி இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் எடை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரயோஜனப்பட்டது. காற்று தூக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து பின்னால் சாய்ந்தோம். மழை கொட்டியது. வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுத் தலை முளைத்தது.

"இன்னாக்கா, தண்ணியே இல்லாத தொட்டில ரெண்டு பேரும் குந்திக்கினு இருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். "இருங்க, எங்க வூட்டுப் பைப்பையும் இழுத்தாறேன்" என்று ஓடினாள். எங்கள் தோட்டத்துப் பைப்பையும் அவளே திறந்துவிட்டாள். இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் உள்ளே விழ ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் இடுப்பு வரை வந்தது. எழும்பிய கால்கள் தரையில் ஊன்றிக்கொண்டன. அடுத்த காற்றுக்குத் தொட்டி அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

"தப்பிச்சுது. எந்திரிங்க, தலையைத் துவட்டணும்" என்றேன்.

"நீ போ. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

"பாத்தீங்களா, இத்தனை நாள் எறங்க மாட்டேன்னு பிகு பண்ணினவருக்கு இப்ப எந்திரிக்க மனசு வரல."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு முதுகின் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"எந்திரிக்க முடியல" என்றார்.

நான் முன்னால் நின்று, குனிந்து, அவர் கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை அவர் பாதியில் முனகி உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். என் முழங்கால்கள் நடுங்கின, ஆனால் மடங்கவில்லை. நெஞ்சோடு அணைத்து நிறுத்திவிட்டேன்.

"எப்போலேர்ந்து இது?"

"மொதல்ல வெளிய போலாம்" என்றார். நான் விடவில்லை.

"போன கார்த்திகைலேர்ந்து."

போன கார்த்திகை என்றால் என்னைத் தூக்கிக்கொண்டிருந்த மாதம். பம்பு செட்டு ஜோக் அடித்துச் சிரித்த மாதம். ஒரு வருடமாக, ஷிப்டுக்குப் போய் வந்து, குழாய் மாட்டி, இலை அள்ளி, ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனிதர்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ பாத்ரூம் போகக்கூடாதுன்னு தண்ணி குடிக்கறதையே நிறுத்தியிருப்ப."

நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டே நின்று அழுதேன். மழையில் அது அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். "அழாத, தண்ணி ஏறிடுச்சு, பைப்பை நிறுத்து" என்றார்.

அந்த வாரமே அவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் அதே மருந்துதான், தண்ணீருக்குள் நடப்பது. இப்போது மார்கழி. பனியில் பக்கத்து வேலிகூடத் தெரிவதில்லை. காலை ஆறரைக்கு இரண்டு பேரும் குளத்தைச் சுற்றி வருகிறோம், அவர் முன்னால், நான் பின்னால். "வலிக்குதா?" என்று சுற்றுக்கு ஒரு தடவை கேட்கிறேன். முதல் சில நாட்கள் இல்லை இல்லை என்றே சொன்னார். நேற்றுத்தான் நின்று, திரும்பாமலே, "வலிக்குது" என்றார்.