தொட்டில் ஊட்டில் ஒரு ‘இல்லீங்க’

எனக்கு எண்பத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். பெற்றது நான்கு, நாத்தனார் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது இரண்டு. ஆறும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

எழுத்து என்று பார்த்தால், என் பெயரைப் போடுவேன். பஸ் போர்டைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி கயல்தான் எழுதுகிறாள் என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நலச்சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சங்கத்துக்கு ஒரு கூடம் இருக்கிறது. சாயங்காலமானால் அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும். நம் பிள்ளைகளும் உண்டு, வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கூடத்தை ஒரு பனியன் கம்பெனிக்குக் குடோனாக வாடகைக்கு விடலாம் என்று செயலாளர் தம்பி எழுதி வைத்திருந்ததைப் படித்தார். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

“யாருக்கும் ஆட்சேபணை இல்லீங்க. தீர்மானம் பாஸ்.”

அடுத்து டீ வந்துவிட்டது.

நான் டீயை வாங்கவில்லை. “இல்லீங்க தம்பி” என்றேன்.

“என்னங்கம்மா இல்ல? சர்க்கரையா?”

“ஆட்சேபணை இல்லைன்னு சொன்னீங்களே, அது இல்லீங்க. எனக்கு இருக்குது.”

பக்கத்தில் இருந்த மருமகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கட்டுமே... இந்த ‘இல்லீங்க’ என் வாய்க்குப் புதியது இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்பே பழகியது. பழக்கிவிட்டது யார் தெரியுமா? ஒரு வெள்ளைக்காரக் கிழவி.

எழுபதுகளில் நான் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, மடித்து அடுக்க வேண்டும். கைப்பிள்ளையோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருவதென்றால், அதைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்த வேண்டும். எங்கள் வளவு வீடுகளில் அப்படி நின்றுபோன பெண்கள் எத்தனையோ பேர்.

என் மூத்தவள் நிற்கவில்லை. காரணம், தொட்டில் ஊடு.

ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளமான வீடு அது. விட்டத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பாலும் கஞ்சியும் கொடுப்பார்கள். எந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவளும் கொண்டுபோய் விடலாம். நடத்தியவர்கள் குவேக்கர் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார். அவர்கள் ஜெபத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பார்கள். யாருக்காவது மனசில் ஏதாவது வந்தால் எழுந்து சொல்லுவார்கள். வராவிட்டால் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் அதற்குப் ‘பேசாத சபை’ என்று பெயர்.

தொட்டில் ஊட்டைப் பார்த்துக்கொண்டவர் எடித்தம்மா. துரைசானி என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார். “நான் எடித். வெறும் எடித்.” அதெப்படி வெறும் எடித் என்று கூப்பிடுவது? எங்களுக்கு நாக்குப் புரளவில்லை. எடித்தம்மா ஆக்கிவிட்டோம்.

அவர் ஒரு கமிட்டி வைத்திருந்தார். கணக்குப் பார்க்கச் சாமியப்பன் வாத்தியார். பனியன் வேஸ்ட் வாங்கி விற்கும் காதர் பாய். பெரிய கம்பெனி வைத்திருந்த பொன்னுசாமி முதலாளி. தாய்மார்கள் சார்பில் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று எடித்தம்மா பிடிவாதம் பிடித்ததால் நான். கூட்டத்தை நடத்தும் எடித்தம்மாவுக்குப் பதவி என்ன தெரியுமா? கிளார்க். தலைவர் என்று ஒருவரே கிடையாது. இந்த ஊரில் கிளார்க்கை யார் மதிப்பார்கள்? அங்கே அவர்தான் எல்லாம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அங்கே ஓட்டுப் போட மாட்டார்கள். பேசுவார்கள், சும்மா இருப்பார்கள், மறுபடி பேசுவார்கள். எல்லோர் மனசும் ஒன்றுசேர்ந்துவிட்டது என்று கிளார்க்குக்குத் தோன்றினால், அங்கேயே அப்போதே எழுதிப் படித்துக் காட்டுவார். யாரும் மறுக்காவிட்டால் அதுதான் முடிவு. ஒருவர் மறுத்தாலும் நிறுத்திவிடுவார். அடுத்த மாதம் மறுபடி உட்கார வேண்டும்.

ஒரு மாதம் கூட்டத்தில் எடித்தம்மா சொன்னார், “இங்கிலாந்து நண்பர்களால் அடுத்த ஆண்டிலிருந்து பணம் அனுப்ப இயலாது. நம் கால்களில் நாமே நிற்க வேண்டும்.”

பாலுக்குக் காசு, ஆயாக்களுக்குச் சம்பளம், வீட்டு வாடகை. எங்கே போவது?

பொன்னுசாமி முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் இருக்கறப்ப எதுக்குங்க கவலை? மொத்தச் செலவும் நானே ஏத்துக்கறேன். என்ற கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளயே எடம் தர்றேன். என்ற அப்பாரு பேரு போர்டுல இருக்கோணும். நிர்வாகத்த நாங்க பாத்துக்கறோம். அவ்வளவுதானுங்க.”

“மத்த கம்பெனிப் புள்ளைங்க?” என்று வாத்தியார் கேட்டார்.

“அதையும் பாத்துக்கலாமுங்க. மொதல்ல நம்ம ஆளுக புள்ளைக உக்காரட்டும். எடம் மிஞ்சுனா மத்ததும் வரட்டும்.”

எடித்தம்மா எழுதினார். படித்துக் காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய மௌனம்.

காதர் பாய் விட்டத்தைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரியவர் ஒன்று சொன்னால் அவர் முகத்துக்கு எதிரே மறுத்துப் பேச மாட்டோம். வாயை மூடிக்கொள்வோம். பிறகு திரும்பிப் போகும்போது தெருமுனையில் நின்று வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டுவோம். எடித்தம்மாவின் ஊரிலோ, வாயை மூடிக்கொண்டிருந்தால் மனசு ஒத்துவிட்டது என்று கணக்கு. அவர் எங்கள் மௌனத்தைத் தம் மௌனம் என்று நினைத்துக்கொண்டார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

என் கடைசிப் பெண் அந்த நேரம் மூன்றாவது தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வேலை பார்த்தது பொன்னுசாமி முதலாளி கம்பெனியில் இல்லை.

“இல்லீங்க” என்றேன்.

பேனா நின்றது.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. “அம்மிணி, நான் தப்பா என்ன கேட்டுட்டேன்?”

“தப்பா ஒண்ணும் கேக்கலீங்க. தர்றேன்னுதான் சொன்னீங்க. அதுதானுங்க பயமா இருக்குது. புள்ள உங்க காம்பவுண்டுக்குள்ள இருந்தா, ஆத்தாக்காரி உங்க கேட்டைத் தாண்டி எப்படிங்க வேற கம்பெனிக்குப் போவா? கூலி பத்தலைன்னு எப்படிங்க கேப்பா?”

வாத்தியார் அவசரமாகச் சொன்னார், “ஒருத்தருதானுங்க வேண்டாங்கறது. மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாச்சு. கை தூக்கிப் பாத்தா முடிஞ்சுதுங்க.”

“நாம் கைகளை எண்ணுவதில்லை, ஐயா” என்றார் எடித்தம்மா. எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். “அடுத்த மாதம்.”

அந்த ஒரு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இருந்து வந்ததும் வராததுமாக, “உனக்கு எதுக்கு ஊர் வம்பு?” என்றார். முதலாளியின் கணக்குப்பிள்ளை எங்கள் வாசலுக்கே வந்தார். “மாராத்தா, எங்க கம்பெனிக்கே வந்துரு. செக்கிங் வேலை. கூலியும் சாஸ்தி. உன்ற புள்ள உன்ற கண்ணு முன்னாலயே இருக்கும்.”

பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கூலியை அன்றைக்கு ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கூலி சாஸ்தி என்பது லேசான வார்த்தையா? ஆனால் அவர் எனக்குக் கொடுக்க வந்தது வேலை இல்லை. என் ‘இல்லீங்க’வுக்கு விலை. விற்கிற சாமானாக அது எனக்குத் தோன்றவில்லை.

தண்ணிக் குழாயடியில் ரங்காத்தா பிடித்துக்கொண்டாள். அவள் பொன்னுசாமி முதலாளி கம்பெனியில்தான் பனியன் மடித்து அடுக்கும் டேபிள் வேலை. அவள் மகனும் தொட்டில் ஊட்டுப் பிள்ளைதான்.

“அள்ளிக் குடுக்கற மவராசன வேண்டாம்னு சொன்னவ இவதான். பாலு நின்னுபோனா ஊர்ப் புள்ளைக்கெல்லாம் இவளே கறந்து ஊத்துவா போல.”

குழாயடியே சிரித்தது. குடம் நிறையும் வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். பாதிக் குடத்தோடு வந்தால் ஓடி வந்தது போல ஆகிவிடாதா?

இரண்டு வாரம் போயிருக்கும். அதே ரங்காத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஏனுங்க மாராத்தாக்கா... எங்க மேஸ்திரிக்கும் எனக்கும் ஒத்து வரலீங்க. மில்லுக்குப் பக்கத்துக் கம்பெனியில வரச் சொல்றாங்க. பீஸுக்குக் கூடவே தர்றாங்களாம்.”

“போக வேண்டியதுதான?”

“தொட்டில் ஊடு முதலாளி கைக்குப் போயிட்டா, நான் கம்பெனி மாறுன அன்னைக்கே என்ற பையனத் தூளியில இருந்து எறக்கிருவாங்களா?”

“அதைத்தான் நானும் கேட்டேன் ரங்கா.”

அவள் கதவு நிலையைச் சுரண்டினாள். “அன்னைக்குக் குழாயடியில நான் கொஞ்சம் வாய் நீட்டிட்டேனுங்க.”

“கொஞ்சமா?” என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு ரங்காத்தா தனியாக வரவில்லை. வேலை விட்ட கையோடு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தலையிலும் சேலையிலும் பனியன் பஞ்சு ஒட்டியபடி, சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பேசாத சபையே தோற்றுப்போகும்.

எடித்தம்மா அவர்களைப் பார்த்தார். வழக்கம் போலக் கண்ணை மூடவில்லை.

“சென்ற முறை உங்கள் மௌனத்தை நான் சரியாகக் கேட்கவில்லை” என்றார். “இனி ‘யாராவது மறுக்கிறீர்களா’ என்று கேட்க மாட்டேன். ஒவ்வொருவரும் வாயால் சொல்லுங்கள். காதர் பாய், முதலில் நீங்கள்.”

பாய் சங்கடமாகச் சிரித்தார். “முதலாளிகிட்டதானுங்க நான் வேஸ்ட் வாங்கறேன். அவரு எதுக்க எப்படிங்க...” நிறுத்தினார். முதலாளியைப் பார்த்தார். சுவர் ஓரத்தைப் பார்த்தார். “சரி, சொல்லிர்றேன். எனக்கும் ஒப்பு இல்லீங்க. கழுத்துக்கும் கைக்கும் வெட்டிப் போடற துண்டு ஒவ்வொரு கம்பெனியிலயும் குமிஞ்சு கெடக்குது. வாரம் ஒரு மூட்டை தொட்டில் ஊட்டுக்குக் குடுக்கச் சொல்லுங்க. மெஷின் தொடைக்கறதுக்கு நான் வித்துத் தர்றேன். எனக்குக் கமிஷன் வேண்டாம்.”

“அது பத்தாதுங்களே பாய்” என்றார் வாத்தியார்.

“சனிக்கிழம சம்பளத்துல நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடறமுங்க” என்றது சுவர் ஓரத்தில் இருந்து ஒரு குரல். ரங்காத்தாதான். வேறு யாராக இருக்கும்?

வாத்தியார் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். “அப்பவும் பாலு எல்லா நாளும் குடுக்க முடியாதுங்க. பாதி நாள் ராகிக் கஞ்சிதான்.”

“கஞ்சி குடிச்சு வளந்தவங்கதானுங்க நாங்க” என்றேன்.

கடைசியாகப் பொன்னுசாமி முதலாளியின் முறை. வெற்றிலைப் பெட்டியை மூடினார். “பேரும் வேண்டாம், நிர்வாகமும் வேண்டாம்னுட்டீங்க. அப்ப நான் எதுக்குங்க குடுக்கோணும்?”

“மத்தவங்க எதுக்குக் குடுக்கறாங்களோ, அதுக்குத்தானுங்க” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடித்தம்மா விடவில்லை. “ஐயா, உங்கள் மௌனத்தை நான் இனி எழுத முடியாது.”

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கு இதுல விருப்பம் இல்லீங்க. ஆனா குறுக்க நிக்க மாட்டேன். அப்படியே எழுதிக்குங்க.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகவில்லை, கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

எடித்தம்மா எழுதினார். தொட்டில் ஊடு இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தக் கம்பெனித் தாயின் பிள்ளையும் வரலாம். யார் எவ்வளவு கொடுத்தாலும் கமிட்டியில் அவருக்கு ஒரு நாற்காலிதான். எழுதியதைப் படித்துக் காட்டினார். ‘ஆமாங்க’ என்று ஒவ்வொரு வாயாகச் சொல்லி முடிக்க நேரமானது. ஆகட்டுமே.

அந்த வருஷம் பாதி நாள் கஞ்சிதான். ஒரு ஆயா நின்றுபோனார். தாய்மார்கள் முறை வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். முதலாளி கம்பெனி வேஸ்ட் மூட்டை கொஞ்ச காலம் வரவில்லை. அப்புறம் வந்தது. மற்ற கம்பெனி மூட்டைகள் வீதியில் வரிசையாகப் போவதை எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்?

தர்மம் செய்பவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொடுக்கிற கை பெரியதுதான். ஆனால் அந்தக் கையே சாவியையும் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதைக் கேட்பதற்குப் படிப்பு வேண்டாம். வாயைத் திறந்தால் போதும்.

தெரு நலச்சங்கம் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறது. செயலாளர் தம்பி நல்ல பிள்ளை. தீர்மானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்த முறை ஒவ்வொருவராக வாயால் சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறேன். கூடத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற வடக்கத்திப் பெண்களையும் வரச் சொல்லி இருக்கிறேன். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாதுதான். ‘இல்லை’ என்று தலையாட்டினால் கூடவா எனக்குப் புரியாது?

கயலு, கண்ணு... எழுதினது போதும். மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. நடுவுல நான் பேசாம இருந்தா, ஒத்துக்கிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத.